எடுத்துடலாம்

எங்கள் அலுவலகத்தில் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது. "யாரு மேடம் எங்க?" என்று கேளுங்கள், லிஃப்ட் வரை கூடவே வந்து மாடியையும் சொல்லி அனுப்புவார். எனக்கு அவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து மேஜைக்காரி.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. கூட்டத்தில் யாராவது "சரி, அத பாத்துக்கலாம்" என்று சொல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளும்போதே அக்காவின் குரல் வரும்: "யாரு?" ஒரு பெயர் வரும்வரை விடமாட்டாள். பெயர் வந்ததும் அடுத்த கேள்வி: "எப்போ?" என்னைக் கேட்டால், பாத்துக்கலாம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் பெரிய சோம்பேறி. செய்கிறேன் என்று சொன்ன மாதிரியும் ஆயிற்று, செய்வதற்கு ஆள் இல்லாமலும் ஆயிற்று. அந்தச் சொல்லைத் துரத்திப் பிடிப்பதுதான் அக்காவின் தொழில். அவளுடைய அட்டையில் அதற்குப் புரோகிராம் மேனேஜர் என்று பெயர் போட்டிருக்கும்.

ஒருநாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா காதில் இயர்போனோடு சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே யாரையோ "யாரு? எப்போ?" என்று குடைந்துகொண்டிருந்தாள். அவள் மாமியார் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்.

"ஏம்மா, உண்மையச் சொல்லு. இவ அங்க என்னதான் பண்றா? புரோகிராம் எழுதறதும் இல்லையாம், விக்கறதும் இல்லையாம். நாள் பூரா யாரு எப்போ, யாரு எப்போ. இதுக்குப் போய் சம்பளம் தர்றாங்களா?"

"தர்றாங்கம்மா."

"கொடுத்து வச்சவ. நான் இதத்தான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சும்மா பண்ணிக்கிட்டிருக்கேன்."

அந்த நேரம் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் அதைப் பார்த்து "பாத்துக்கலாம்" என்று முணுமுணுத்தார். அக்கா இயர்போனைக் கழற்றாமலே திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். மனிதர் ஸ்க்ரூடிரைவர் தேடப் போய்விட்டார். அவருடைய கடையை மூடிய பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவது அக்காவின் வேலையால்தான். மாமியார் வாய்க்கு வந்தபடி கேலி செய்வாரே தவிர, அது அவருக்கும் தெரியும்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறது. வார்டில் நர்ஸ் கையில் ஒரு டேப்லெட் இருக்கும். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எந்த வேளைக்கு என்று அது சொல்லும். அதை நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. என்ன செய்யவேண்டும் என்று முடிவு செய்பவர் புரொடக்ட் மேனேஜர். அவருக்குப் பட்டப்பெயர் "எதுக்கு சார்". எதைக் கொண்டுபோனாலும் "இது எதுக்கு? யாருக்கு இதனால என்ன லாபம்?" என்பார். அவர் எதற்கு என்று கேட்டு முடித்த இடத்தில் அக்கா யார், எப்போது என்று தொடங்குவாள். இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது. ஆனால் இருவரில் ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவருக்கு வேலை ஓடாது.

மூன்றாவது ஆள் தலைமைப் பொறியாளர். அவர் "அரைநாள்". மலையைப் பெயர்த்து வைக்கச் சொன்னாலும் "அரைநாள் வேலைங்க" என்பார். பிறகு வாரக்கணக்கில் ஆளைப் பிடிக்க முடியாது. அக்கா அவருடைய அரைநாளை எப்போதும் மூன்று வாரம் என்று மனதுக்குள் மாற்றிப் போட்டுக்கொள்வாள். அந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இந்த நிலையில்தான் புலி வந்தது. முந்தைய ரிலீஸ் அன்று, அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடும் நாளில், பழைய தகவல்களுக்கு நகல் எடுத்து வைத்தது யார் என்று அக்கா கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் ரிலீஸை நிறுத்திவிட்டாள். கடைசியில் பார்த்தால், நகல் பத்திரமாக இருந்தது. எடுத்து வைத்தவன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான். மறுநாள் அக்காவின் மேஜையில் யாரோ ஒரு பொம்மைப் புலியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புலி வருது, புலி வருது என்று கத்துகிறவளாம். அக்கா அதைத் தூக்கிப் போடவில்லை. தன் மூக்குக்கண்ணாடியை மாட்டிவைக்கும் இடமாக்கிக்கொண்டாள். எங்கள் டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னார்:

"இன்னொரு தடவை நிறுத்தினீங்கன்னா, காரணம் கையில இருக்கணும். அதுவும் என்னைக் கேட்டுட்டு நிறுத்தணும். இல்லன்னா அடுத்து நிக்கப்போறது ரிலீஸ் இல்ல."

அன்று அக்கா மதியச் சாப்பாட்டை டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். எனக்கு அந்த டைரக்டரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ரிலீஸுக்கான திட்டக் கூட்டம். எதுக்கு சார் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய் வந்திருந்தார். எங்கள் மென்பொருளில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு நோயாளிக்கு ஆகாத மருந்தை நர்ஸ் தொட்டால், திரை சிவப்பாகிச் சத்தம் போடும். ஆனால் அது வேலைக்காகாத எச்சரிக்கை. ஆகாத மருந்துக்கும் கத்தும், ஆகிற மருந்துக்கும் கத்தும். விட்டால் தண்ணீருக்கும் கத்தும். நர்சுகள் காதைப் பொத்திக்கொண்டு அதைத் தட்டி மூடப் பழகிவிட்டார்கள்.

"அந்த எச்சரிக்கை விஷயம் ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே இருக்கு. நர்சுங்க புலம்பித் தீர்க்கறாங்க. இந்த ரிலீஸ்ல அத எடுத்துடலாம்" என்றார் எதுக்கு சார்.

"யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றார் அரைநாள்.

"எப்போ?"

"அரைநாள் வேலைங்க."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். சுவரில் இருக்கும் பெரிய திரையில், வேலைகளுக்கான அட்டைகளில் ஒன்றில் "எச்சரிக்கையை எடுத்தல்" என்று தட்டி, அரைநாளின் பெயரைப் போட்டாள். பக்கத்தில் வழக்கம்போல மூன்று வாரம்.

மறுநாள் மதியமே அரைநாள் வந்து சொன்னார், "எடுத்தாச்சுங்க."

"அதுக்குள்ளயா?"

"அரைநாள்னு சொன்னேன்ல?"

அவருக்கு ஒரே பெருமை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார். நாங்கள் கைதட்டினோம். அக்கா கைதட்டினாலும், அவள் நெற்றியில் ஒரு கோடு விழுந்ததை நான் பார்த்தேன். மற்றவர்களுக்கு வேலை தாமதமானால் பயம் வரும். அவளுக்கு, சீக்கிரம் முடிந்தால்தான் பயம்.

ரிலீஸுக்கு முந்தைய நாள், போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம். மேஜையின் தலைமாட்டில் டைரக்டர். அக்கா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எச்சரிக்கை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்றார் அரைநாள்.

"சோதிச்சது யாரு?"

"நான்தான். பாத்துட்டேன், சுத்தமா இருக்கு" என்றாள் டெஸ்டர் பெண்.

"நானும் ஓட்டிப் பாத்தேன். சும்மா சும்மா கத்தறதே இல்ல. அப்பாடான்னு இருக்கு" என்றார் எதுக்கு சார்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன்: "நர்சுங்களுக்குப் பயிற்சி முடிஞ்சுதுக்கா. இனிமே கத்தினா உண்மையாவே ஆபத்து, கத்தலன்னா தைரியமா போடலாம்னு சொல்லியிருக்கேன்."

தங்கள் பதிலைச் சொல்லி முடித்த அரைநாளும் டெஸ்டர் பெண்ணும் அதற்குள் லேப்டாப்பில் மூழ்கியிருந்தார்கள். யார் என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. எப்போது என்பதற்கும் இருந்தது. அக்கா மட்டும் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன, மறுபடியும் புலியா?" என்றார் டைரக்டர்.

அவள் கையில் காரணம் எதுவும் இல்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது என்பது ஒரு காரணமா? அதைச் சொன்னால் ஊரே சிரிக்கும். "இல்ல சார். போலாம்" என்றாள்.

மறுநாள் காலை நான் அந்த மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் இருந்தேன். முதலில் அந்த ஒரு வார்டுக்கு மட்டும் புது மென்பொருள். கீழே வரவேற்புக் கூடத்தில் மருத்துவமனைத் தலைவரும் எங்கள் டைரக்டரும் பூங்கொத்தும் கையுமாகப் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மேலே வார்டில் டெட்டால் வாசனை, சக்கர வண்டிகளின் கிறீச். காலை மருந்து வேளை. இளம் நர்ஸ் ஒருத்தி டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே கட்டில் கட்டிலாக வந்தாள். ஒரு சத்தமும் இல்லை. "மேடம், தலைவலியே போச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே நேரம் அலுவலகத்தில் நடந்ததை டெஸ்டர் பெண் பிறகு எனக்குச் சொன்னாள். அக்காவுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து அரைநாளின் மேஜைக்குப் போயிருக்கிறாள்.

"கோவிச்சுக்காதீங்க. புது எச்சரிக்கை எப்படி முடிவு பண்ணுது, எந்த மருந்துக்குக் கத்தணும், எதுக்கு வேண்டாம்னு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

அரைநாள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "எந்தப் புது எச்சரிக்கை?"

"எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே."

"ஆமா. எடுத்தாச்சு. இப்ப எச்சரிக்கையே கிடையாதே!"

டெஸ்டர் பெண் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாளாம். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எடுத்தாகிவிட்டது, வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. சுத்தம்.

துணிக்கடையில் "இத எடுத்துடலாம்" என்றால் பையைத் திறக்கிறோம். பல் டாக்டர் "இத எடுத்துடலாம்" என்றால் வாயைப் பொத்திக்கொள்கிறோம். எதுக்கு சார் பேசியது துணிக்கடைப் பேச்சு: நெடுநாளாகத் தள்ளிப்போட்ட வேலையை இந்தமுறை கையில் எடுத்து ஒழுங்காகச் செய்துவிடலாம் என்றார். அரைநாள் கேட்டது பல் டாக்டர் பேச்சு. பிடுங்கிப் போட்டுவிட்டார். பிடுங்குவதற்கு அரைநாள் போதாதா என்ன? நடுவில் அத்தனை பேரும் எடுத்தாச்சா, எடுத்தாச்சு என்று ஒருவருக்கொருவர் தலையாட்டியிருக்கிறோம். எல்லோரும் ஒரே மொழி பேசினால் வரும் வினை இது.

அக்கா டைரக்டருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கீழே அவர் பூங்கொத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார், போன் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது. கேட்டுவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். கேட்பதற்கு ஆள் இல்லை. டெஸ்டர் பெண், "இன்னும் கொஞ்சம் பாக்கலாமா மேடம், அவரே கூப்பிடுவாரு" என்றாளாம். அக்கா உடனே எனக்குப் போட்டாள்.

"எங்க இருக்க?"

"வார்டுலக்கா. எல்லாம் அருமையா..."

"நிறுத்து. ஊசி, மாத்திரை எதுவும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். டேப்லெட்ட மூடச் சொல்லு. எச்சரிக்கை அதுல இல்லவே இல்ல."

"இல்லன்னா? கத்தலியே, அதான நமக்கு..."

"அது எதுக்குமே கத்தாது. ஓடு!"

திரும்பினேன். இளம் நர்ஸ் ஜன்னலோரக் கட்டிலில், காலில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவரின் கையில் செருகியிருந்த குழாயில் ஊசியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் ஊசியின் பின்பக்கத்தில் இருந்தது.

"போடாதீங்க!" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் விரல் நின்றது. "ஏன் மேடம்? கத்தலியே. கத்தலன்னா தைரியமா போடலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது தப்பு. ஊசிய வெளிய எடுங்க. தயவுசெஞ்சு."

அந்தக் காலையில் அந்தச் சொல்லை வேறு நான் பயன்படுத்தவேண்டியதாயிற்று. நல்லவேளை, அவள் சரியாகவே புரிந்துகொண்டாள். பெரியவரின் மகள் சுடுதண்ணீர்க் குடுவையோடு வந்து நின்றாள். நர்ஸின் தட்டிலிருந்த மருந்துக் குப்பியை எடுத்துப் பெயரைப் படித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இது அப்பாவுக்கு ஆகாதுங்க. போன தடவை இதப் போட்டு மூச்சே நின்னு போச்சு. சேக்கும்போதே சொன்னோமே! கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டாங்களே!"

ஏற்றியிருந்தார்கள். எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. சொல்லவேண்டிய வாயைத்தான் நாங்கள் பிடுங்கியிருந்தோம். பெரியவர் ஒன்றும் புரியாமல், "ஊசி உண்டா இல்லியா? இல்லன்னா காபியாவது குடுங்க" என்றார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

தலைமை நர்ஸ் வந்தார், விஷயத்தைக் கேட்டார், என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டேப்லெட்டுகள் மூடப்பட்டன. வார்டு பேப்பருக்குத் திரும்பியது. கீழே புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்தி போனபோது மருத்துவமனைத் தலைவர் பூங்கொத்தை டைரக்டர் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தார் என்று கேள்வி.

மறுநாள் காலை கண்ணாடி அறையில் கூட்டம். டைரக்டர், எதுக்கு சார், அரைநாள், டெஸ்டர் பெண், நான், அக்கா. ஏசி முழு வேகத்தில் ஓடியும் அரைநாள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டைரக்டர் அக்காவைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

"அவ்வளவு பேர் முன்னாடி என் மானம் போச்சு. நிறுத்தறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும்னு சொன்னேனா இல்லியா?"

"கூப்பிட்டேன் சார். நீங்க எடுக்கல."

"முந்தின நாள் என் முன்னாடி உக்காந்து போலாம்னு சொன்னது நீங்கதான? அப்பவே தெரிஞ்சிருக்கணும்ல?"

"தெரிஞ்சிருக்கணும் சார். அந்த அட்டையில எடுத்தல்னு தட்டினதும் நான்தான். யாரு, எப்போன்னு கேட்ட நான் என்னன்னு கேக்கல. அது என் தப்புதான்."

தப்பை ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிற ஆளா அவர்? மருத்துவமனைக்கு யாரையாவது காட்டியாகவேண்டும். கைகளைக் கோத்து மேஜைமேல் வைத்தார்.

"யோசிச்சுப் பாத்தேன். உங்கள எடுத்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கேன்."

அக்கா மெல்லக் கேட்டாள்:

"எடுத்துடலாம்னா சார்?"

"என்ன எடுத்துடலாம்னா?"

"சேக்கறதா, நீக்கறதா? நான் கிண்டல் பண்ணல சார். நேத்து இந்தச் சொல்லாலதான் ஒருத்தர் உயிர் போகப் பாத்துது. இனிமே கேக்காம விடமாட்டேன்."

டைரக்டரின் காதுமடல் சிவந்தது. "நீக்கறது" என்றார்.

"சரி சார். இப்ப புரிஞ்சுது."

அவள் குரல் நிதானமாக இருந்தது. அந்த வீட்டு அடுப்பும், சொட்டும் குழாயும், வாயாடி மாமியாரும் என் கண்முன் வந்து நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எதிரில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து வீசியிருப்பேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில இப்ப பேப்பர்ல ஓட்டறாங்க. தலைமை நர்ஸ் காலைலேர்ந்து கூப்பிடறாங்க. பழசத் திரும்ப வைக்கணும், புது எச்சரிக்கைய உண்மையாவே செய்யணும், சோதிக்கணும். இத இனிமே பாக்கப்போறது யாரு சார்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் டைரக்டருக்கே உறைத்திருக்கவேண்டும். அறையில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் அக்கா பக்கம் திரும்பினோம்.

"யாரு?" என்றாள் அவள்.

டைரக்டர் எதுக்கு சாரைப் பார்த்தார். எதுக்கு சார் மேஜையைப் பார்த்தார். "எனக்கு எதுக்குன்னுதான் சார் கேக்கத் தெரியும். இந்தத் தடவை அதையும் ஒழுங்கா கேக்கல."

டைரக்டர் அரைநாளைப் பார்த்தார். "நான் வேணா பாக்கறேன் சார். ஆனா அரைநாள்ல முடிச்சிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு."

டெஸ்டர் பெண் தன்னால் முடியாது என்று தலையாட்டினாள். பார்வை என்மேல் வந்தது. "அந்த ஊசி நின்னதே அவங்க போன்னாலதான் சார்" என்றேன். அதற்குமேல் பேசினால் மறுபடி அழுதுவிடுவேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

"ஒரு பேர் சொல்லுங்க சார். அவங்ககிட்ட ஒப்படைச்சிட்டு இப்பவே கெளம்பறேன். பேர் இல்லாம விட்டுட்டுப் போக மாட்டேன். அங்க நோயாளிங்க இருக்காங்க" என்றாள் அக்கா.

மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த அவள் போன் அதிரத் தொடங்கியது. தலைமை நர்சாகத்தான் இருக்கும். அது அதிர்ந்து அதிர்ந்து மேஜையின் விளிம்பு வரை நகர்ந்தது. டைரக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே பாருங்க" என்றார் கடைசியில்.

"யாரு சார்?"

"நீங்க. நீங்கதான்."

"எப்போலேர்ந்து?"

"இப்போலேர்ந்து."

அக்கா போனை எடுத்தாள்.